மயில் படம் போட்ட காந்த அட்டை: தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், குறிப்பாக நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துச் சங்கத்துக்கும்,

வணக்கம். பொங்கல் விழாவில் சாப்பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் ‘பெற்றோர் பாதுகாப்பு’ என்று ஒரு கூட்டம் வைத்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா அப்பாக்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். மேடையில் பேசியவர் அரை மணி நேரமும் சுற்றிச் சுற்றிச் சொன்னது ஒரே விஷயம், அவசர உதவி எண்ணான 911. “எதுவா இருந்தாலும் 911 அடிச்சிடுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்து நிப்பான், இது நம்ம ஊர் மாதிரி இல்ல.” நல்ல கைதட்டல். வெளியே வரும்போது ஆளுக்கொரு காந்த அட்டை கொடுத்தீர்கள், மயில் படம், நடுவில் பெரிதாக 911. அது இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் என்னைக் கிழிப்பீர்கள். யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ, அடுப்பங்கரையில் தீப்பிடித்தாலோ, எவனாவது கதவை உடைத்துக்கொண்டிருந்தாலோ 911 தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. என் சண்டை அந்த ‘எதுவா இருந்தாலும்’ மீதுதான்.

2015 பிப்ரவரியில் அலபாமாவில் மேடிசன் என்ற ஊரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குஜராத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வாரம்கூட ஆகாத 57 வயதுத் தாத்தா, காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆள் ஒருவர், ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் வீடுகளை நோட்டம் விடுகிறான் என்று போலீஸுக்குப் போன் போட்டார். வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் இருந்த ஆங்கிலம் ‘நோ இங்கிலீஷ்’, ‘இந்தியா’, அப்புறம் மகன் வீட்டைக் காட்டிய விரல். கையைப் பின்னால் முறுக்கி, காலை இடறி, முகம் தரையில் மோதும்படி ஒரு அதிகாரி அவரைத் தள்ளினார். முதுகுத்தண்டு பாதித்து உடம்பில் ஒரு பகுதி செயலிழந்துபோனது. அந்த அதிகாரி மீதான கூட்டாட்சி வழக்கில் இரண்டு முறை ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, கடைசியில் நீதிபதியே விடுவித்துவிட்டார். நகராட்சி 17.5 லட்சம் டாலர் கொடுத்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டபோது 2021 ஆகியிருந்தது.

நடந்துபோனதைத் தவிர அந்தப் பெரியவர் ஒன்றும் செய்யவில்லை. போன் செய்தவரும் தான் செய்தது நல்ல காரியம் என்றுதான் நினைத்திருப்பார். அவர் வீட்டு ஃபிரிட்ஜிலும் இப்படி ஒரு அட்டை ஒட்டியிருக்கும்.

போன அக்டோபரில் எங்கள் அப்பாவுக்கும் இதே மாதிரி ஆயிற்று. வேட்டிக்கு மேல் என் பழைய குளிர்கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, விடியற்காலை ஆறே கால், ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று செடியைப் பார்ப்பது அவர் பழக்கம் (அவருக்கு எல்லாச் செடியும் நம் ஊர்ச் செடியின் சொந்தக்காரன்தான்). யாரோ போன் போட்டு, ரோந்துக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. இவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்திருக்கிறார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. வந்த அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகப் பேசி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போனார். அப்பா ஒரு வாரத்துக்கு ஊரில் எல்லோருக்கும் போன் போட்டு “போலீஸ் வண்டிலயே கொண்டாந்து எறக்கி விட்டான்யா” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். மேடிசனிலும் எங்கள் தெருவிலும் போன தொலைபேசி அழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வந்த ஆள் வேறு, அவ்வளவுதான். எந்த ஆள் வருவான் என்று உங்கள் பேச்சாளரால் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன், நம் ஆட்கள் வாயே திறக்காத விஷயம், மனநலம். வீட்டில் பிள்ளை கத்துகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான், கத்தியை எடுத்துக்கொண்டான் என்றால் பெற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது, 911. அங்கே என்ன நடக்கிறது பாருங்கள். 2020 ஜூனில் கனடாவில் மிசிசாகாவில் மாத்திரை சாப்பிட மறுத்த 62 வயது பாகிஸ்தானியர் ஒருவருக்கு உதவி கேட்டுக் குடும்பத்தார் அவசர எண்ணுக்குக்கூட இல்லை, சாதாரண எண்ணுக்குத்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் போலீஸ் பால்கனி வழியாக ஏறி உள்ளே போன சில நொடிகளில் அவரைச் சுட்டுக் கொன்றது. 2024 மார்ச்சில் நியூயார்க் குவீன்ஸில் 19 வயது வங்கதேசத்துப் பையன் தானே 911-க்குப் போன் செய்தான். அவன் கையில் கத்தரிக்கோல், அம்மா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் கண் முன்னாலேயே சுட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால், இங்கேயே, நியூ ஜெர்சி பேட்டர்சனில். செத்துப்போன 31 வயதுக்காரர் தெருவில் துப்பாக்கிச் சண்டைகளைப் பேசித் தடுக்கும் தொண்டு அமைப்பில் வேலை பார்த்தவர். மனம் கலங்கிப்போய்க் குளியலறையில் பூட்டிக்கொண்டு அவரே உதவி கேட்டுக் கூப்பிட்டார். அவருடைய சகாக்கள், அதாவது இப்படிப்பட்ட நேரத்தில் பேசிச் சமாதானப்படுத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், கட்டடம் வரை வந்துவிட்டார்கள். உள்ளே விடவில்லை. பல மணி நேரத்துக்குப் பிறகு அவரை போலீஸ் சுட்டது.

அந்தச் சாவுக்குப் பிறகு 2024 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு சட்டமே வந்தது, மனநல நெருக்கடிகளுக்கு உள்ளூர்த் தொண்டர் குழுக்களை அனுப்பிப் பார்க்கும் முன்னோட்டத் திட்டம். கொலராடோவில் டென்வர் நகரம் 2020-லேயே ஆரம்பித்துவிட்டது. 911-க்கு வரும் சில அழைப்புகளுக்கு ஒரு வேன் போகும், அதில் மனநல ஆலோசகர் ஒருவர், அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், துப்பாக்கி கிடையாது. அது இயங்கிய பகுதிகளில் அத்துமீறி நுழைவது, பொது இடத்தில் தொல்லை கொடுப்பது மாதிரியான சின்னக் குற்றப் பதிவுகள் 34 விழுக்காடு குறைந்தன என்று 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. டொரொண்டோவில் 211-க்கு அடித்தால் இதே மாதிரி குழு வரும். அமெரிக்கா முழுவதற்கும் 2022 ஜூலையிலிருந்து 988 என்று மனநலத்துக்கே தனி எண் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார், மிகக் குறைவான அழைப்புகளுக்குத்தான் அங்கிருந்து போலீஸை அனுப்புகிறார்கள். உங்கள் கூட்டத்தில் இந்த மூன்று இலக்கத்தை ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஓரிகனில் யூஜின் நகரில் 1989-லிருந்து ஓடிக்கொண்டிருந்த இதே மாதிரி வேனைப் பணமில்லை என்று 2025-ல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, இனி கசப்பான பகுதி. இதைப் படித்துவிட்டு நம் பெரியவர்கள் சிலர் “அதான் சொல்றோம், குடும்ப விஷயத்துக்கெல்லாம் போலீஸைக் கூப்பிடக் கூடாது” என்று தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து என் மடலை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அடி வாங்கும் பெண்ணிடம் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, அவன் எச்-1பி வேலை விசா போயிடும்” என்று சங்கத்து மூத்தவர் ஒருவர் சொன்னதை நானே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அன்று நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை, அது என் வெட்கம்.

ஆனால் அவளிடம் ‘911 அடி’ என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் பாதி வேலைதான். நியூ ஜெர்சியில் உடம்பில் காயம் தெரிந்தால் போலீஸ் கைது செய்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அன்று இரவுக்கு அது அவளுக்குப் பாதுகாப்பு, மறுக்கவே இல்லை. மறுநாள் காலை? மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசா கணவனின் விசாவில் தொங்குகிறது. குடும்ப வன்முறையில் அவனுக்குத் தண்டனை கிடைத்தால் நாடு கடத்தலாம், அவன் போனால் அவளும் பிள்ளையும் போக வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் பல பெண்கள் போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு ஒத்துழைப்பவர்களுக்கு யு-விசா என்று ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆண்டுக்குப் பத்தாயிரம்தான், வரிசை பல வருடம் நீளும், ஆனாலும் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே தெற்காசியப் பெண்களுக்காக 1985-லிருந்து ‘மானவி’ இயங்குகிறது. விழா மலரில் நகைக்கடைக்கு முழுப்பக்கம் கொடுக்கிறோம், மானவியின் எண்ணுக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறோமா?

கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டிய கடமை போலீஸுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால், கொலராடோவில் காஸில் ராக் வழக்கைப் பாருங்கள். 1999-ல் பிரிந்துபோன கணவன் மூன்று பெண் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணை அம்மாவின் கையில் இருந்தது. சாயங்காலத்திலிருந்து நள்ளிரவுக்கு அப்புறம் வரை போன் மேல் போன், நேரிலும் போனாள், ‘இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்’ என்றே பதில். அதிகாலை மூன்றரை வாக்கில் அவனே காவல் நிலையத்துக்கு வந்து சுட்டான், போலீஸ் திருப்பிச் சுட்டதில் செத்தான், அவன் வண்டிக்குள் மூன்று குழந்தைகளின் உடல். 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது, அந்த ஆணையைப் போலீஸ் அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்க அந்த அம்மாவுக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று. இது ஒரு பக்கம். பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் நேர் எதிர்ப் பக்கம். நாலு மாதத்துக்குள் மூன்று முறை ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தால் குடியிருப்பவரைக் காலிசெய்ய வைக்கலாம் என்று ஊர்ச் சட்டம். 2012-ல் பழைய காதலன் கழுத்தில் குத்தி ரத்தம் ஓடும்போதுகூட அந்த வீட்டுப் பெண் பக்கத்து வீட்டாரிடம் போலீஸைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சினாள், வீடு போய்விடுமே என்று. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் ஊராட்சி அவளை வெளியேற்றப் பார்த்தது. வழக்குப் போட்ட பிறகுதான், 2014-ல், அந்தச் சட்டம் ஒழிந்தது.

‘இது நம்ம ஊர் மாதிரி இல்ல’ என்று பேச்சாளர் சொன்னாரே, அதுவும் எனக்கு இடித்தது. நம் ஊர் எந்த மாதிரி?

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி காணாமல் போனது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவுக்குப் பதினேழு வயதில் ஒரு மகன், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவான், முந்தின நாள் தண்ணீர்க் குடம் தூக்கி வைக்க வீட்டுக்குள் வந்திருந்தான். பெரியப்பாவுக்கு ஸ்டேஷன் ரைட்டரைத் தெரியும். புகார் எழுதவில்லை, புகார் வாங்கியதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லை, “ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன்” என்று மட்டும் வந்து சொன்னார். அன்று ராத்திரியே பையனைக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் அம்மா அரிசி டிரம்முக்குள் ஆழாக்கை விட்டபோது சங்கிலி தட்டுப்பட்டது. கல்யாணத்துக்குப் போகும் முன் அவரே துணியில் சுற்றி உள்ளே புதைத்து வைத்து மறந்திருக்கிறார். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். இடது கையை மடக்க முடியவில்லை, பிறகு பஞ்சர் கடைக்கும் போகவில்லை. அம்மா தூக்குவாளியில் சாம்பாரும் ஒரு மஞ்சள் பையில் பணமும் கொடுத்து என்னை அனுப்பினார். அந்த அக்கா வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. மறுநாள் காலை வாசல் திறந்தபோது தூக்குவாளி திண்ணையில் இருந்தது, சாம்பார் அப்படியே, பையும் பக்கத்தில்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை போலீஸிடம் சொன்னதில் எங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் காரில் வைத்த நகையைக் காணோம் என்று புகார் போனதும், தனிப்படை கூட்டிப்போன கோயில் காவலாளி அடுத்த நாள் பிணமாகத்தான் திரும்பினார். ஐந்து போலீஸ்காரர்கள் கைது, வழக்கு சிபிஐக்குப் போனது. செய்தியை அமெரிக்காவில் உட்கார்ந்து படித்தபோது எனக்குத் திண்ணையில் இருந்த தூக்குவாளிதான் ஞாபகம் வந்தது.

அதற்காக நம் ஊரில் எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது இந்த அமெரிக்காவில் அப்படியொன்று இல்லை. பிரேசில் 1985-லேயே சாவ் பாவ்லோவில் திறந்துவிட்டது, அங்கே பெருநகரப் பகுதிகளில் இப்படி நிலையம் வந்த ஊர்களில் பெண்கள் கொலை சுமார் 17 விழுக்காடு குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. அதே பிரேசிலில்தான் போலீஸ் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் கொல்கிறது. ஒரே நாடு, ஃபவேலா என்கிற சேரியில் இருக்கும் பையனுக்குப் போலீஸ் என்றால் ஒன்று, அவன் அக்காவுக்கு மகளிர் நிலையம் என்றால் வேறொன்று. பிரிட்டனில் பெரும்பாலான போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கியே இருக்காது, ஆண்டுக்குச் சுட்டுக் கொல்வது பெரும்பாலும் ஒற்றை இலக்கம், இங்கே ஆயிரம். பேச முடியாத நிலையில் கைப்பேசியிலிருந்து அங்கத்து அவசர எண்ணான 999 அடித்து 55 அழுத்தினால் போதும் என்று ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2021-ல் லண்டனில் பணி நேரத்தில் இல்லாத போலீஸ்காரன் ஒருவனே கைது செய்வதாகப் பாசாங்கு காட்டி ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்ற பிறகு, தனியாக வரும் போலீஸ்காரர் மீது சந்தேகம் வந்தால் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துங்கள் என்று லண்டன் போலீஸே பெண்களுக்கு அறிவுரை சொன்னது. பஸ் டிரைவரை நம்பு, எங்களை நம்பாதே என்று போலீஸே சொல்கிற காலம்.

டொரொண்டோ ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டில் திருட்டுப் போயும் அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். “எங்கட ஊரில ராவில கதவு தட்டினால் ஆர் எண்டு கேக்கிறேல்ல தம்பி, தெரியும்” என்றார். தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தில் அவருடைய அண்ணர் கையெழுத்துப் போட்டவர். முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறார், மகள் வழக்கறிஞர், இன்னும் பொலிஸ் கார் பின்னால் வந்தால் கை நடுங்குகிறது. உங்கள் காந்த அட்டை இவருக்கு என்ன சொல்லும்?

ஆகவே அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் வேலை மெனக்கெட்டுச் செய்யுங்கள். போன் எடுத்ததும் ஆம்புலன்ஸா, தீயணைப்பா, போலீஸா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லிக்கொடுங்கள். ‘டமில்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை லைனில் இணைக்கப் பார்ப்பார்கள், அதை அம்மாக்களுக்குச் சத்தமாக நாலு முறை சொல்லிப் பழக்குங்கள், வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், பரவாயில்லை. போலீஸ் எதிரில் நின்றால் பைக்குள் கை விடாதீர்கள், கண்ணாடி தெரியாவிட்டால் தெரியாமலே இருக்கட்டும் என்று அப்பாக்களுக்குச் சொல்லுங்கள். தெருவில் தெரியாத முகம் ஒன்று நடந்தால், அதிலும் கறுப்பினப் பையனாக இருந்தால், உடனே போனை எடுக்கும் பழக்கம் நம் ஆட்களிடமும் தொற்றிக்கொண்டுவிட்டது, குடியிருப்புக் குழுவில் நான் தினமும் பார்க்கிறேன். மேடிசனில் போன் செய்த ஆளின் இடத்தில் நாமே இருக்கிறோம் என்பதையும் யாராவது எழுந்து சொல்லுங்கள். மனநல மருத்துவர் ஒருவரையும் மானவியிலிருந்து ஒருவரையும் கூப்பிடுங்கள். பட்டிமன்றத்தில் கால் மணி நேரம் குறைத்தால் நடுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்பாவுக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் கோட்டுக்கு வெளியே, மார்புப் பக்கம், பிளாஸ்டிக் உறையில் குத்திவிட்டிருக்கிறேன். பெயர், வீட்டு முகவரி, என் எண், ‘ஆங்கிலம் பேசமாட்டார், சர்க்கரை நோயாளி, நடக்க வந்திருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் நாலு வரி. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாள் முறைத்தார், இப்போது பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்கிறார்.

புது அட்டைக்கு வாசகம் கேட்டால் அனுப்புகிறேன். 911, 988, மானவி எண், பின்பக்கம் அப்பாவுக்கு எழுதிய அந்த நாலு வரி, பெயர் நிரப்ப இடம் விட்டு. ஐந்நூறு அட்டை அடிக்க ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன், மீதியை நகைக்கடையிடம் கேளுங்கள். மயில் இருந்துவிட்டுப் போகட்டும், அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
முன்வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு வடை சாப்பிட்ட உறுப்பினன்